ஏரியில் மூன்று விசித்திர வாத்துகள்: கலப்பினமா, வளர்ப்பு வாத்தா?

கேள்வி இது: ஊர் ஏரியில் புள்ளிமூக்கு வாத்து என்ற காட்டு வாத்துகளோடு மூன்று வித்தியாசமான வாத்துகள் மேய்கின்றன. ஒன்று பச்சை மினுக்கும் கருப்பு, மார்பில் மட்டும் வெள்ளைத் திட்டு. இரண்டாவது பெரிய வெள்ளை வாத்து, உச்சந்தலையில் கருப்பு, அலகின் அடியில் லேசான சிவப்பு. மூன்றாவது பார்க்கப் புள்ளிமூக்கு வாத்துபோல இருந்தாலும் கழுத்தில் வெள்ளைத் தூவிகள், அலகில் மஞ்சள் சரியாக இல்லை. மூன்றும் கலப்பினமா, புதிய இனமா?

முதலில் இந்தக் 'கலப்பினம்' என்ற சொல்லைச் சரிசெய்துகொள்ள வேண்டும். தமிழில் இரண்டு வேறு சங்கதிகளுக்கு இந்த ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். வெள்ளை வளர்ப்பு வாத்தும் பழுப்பு வளர்ப்பு வாத்தும் சேர்ந்தால் பிறப்பது, நாட்டு நாயும் ராஜபாளையமும் சேர்ந்தது போல, ஒரே இனத்துக்குள் நடந்த கலப்பு. அதன் குஞ்சுகள் வழக்கம்போல முட்டையிடும், பெருகும். வாத்தும் மணிலா வாத்தும் சேர்ந்தால் பிறப்பதோ கோவேறு கழுதை மாதிரி. இரண்டு தனி இனங்களின் பிள்ளை, அதோடு வம்சம் முடிந்தது. முதல் வகையைக் 'கலப்பு வாத்து' என்றும் இரண்டாவதை 'இனக்கலப்பு' என்றும் இங்கே பிரித்துச் சொல்கிறேன். மனிதர் நடமாட்டமுள்ள ஏரி குளங்களில் கண்ணில் படும் விசித்திர வாத்துகளில் பெரும்பாலானவை வெறும் கலப்பு வாத்துகள்தான். இனக்கலப்பு அபூர்வம். தூய பெயருள்ள வளர்ப்பு இனமும் அவ்வளவு சாதாரணமாகக் கிடைப்பதில்லை.

உலகிலுள்ள வளர்ப்பு வாத்துகளுக்கு இரண்டே மூலம். மணிலா வாத்தைத் தவிர மற்ற எல்லாம் மல்லார்டு என்ற ஒரே காட்டு வாத்தின் வம்சம். வெள்ளைப் பெக்கின், காக்கி கேம்ப்பெல், பாட்டில்போல நிமிர்ந்து ஓடும் இந்தியன் ரன்னர், தலையில் பஞ்சு உருண்டை வைத்ததுபோன்ற கொண்டை வாத்து, நம் ஊர் மேய்ச்சல் தாரா எல்லாம் உயிரியல்படி ஒரே இனம். மணிலா வாத்தின் தாயகம் மெக்சிகோ தொடங்கித் தென் அமெரிக்கா வரை. மணிலா நகரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, மஸ்கோவி என்ற ஆங்கிலப் பெயர் இருப்பதால் மாஸ்கோவுக்கும் இல்லை. ஆகவே முதலில் கேட்க வேண்டியது, இது மல்லார்டு வழியா, மணிலா வழியா என்பதைத்தான். நிறத்தை அப்புறம் பார்க்கலாம்.

இதற்கு முகம், கால், வால், குரல் நான்கும் போதும். வளர்ந்த மணிலாவின் கண்ணைச் சுற்றியும் அலகின் அடியிலும் தூவி இருக்காது, சிவந்த மருக்கள் திரண்டிருக்கும். ஆணுக்கு அதிகம், பெட்டைக்குக் குறைவு. விரலிடைத் தோல் இருந்தாலும் நகம் நீண்டு கூராக வளைந்திருக்கும், ஏனென்றால் அது மரத்தில் அடையும் பறவை. மதில்மேலும் கூரைமேலும் ஏறி உட்காரும் வாத்தைப் பார்த்தால் முதலில் மணிலாவை நினையுங்கள். வால் நீளமாக, அகன்று, தட்டையாக இருக்கும். குரலைப் பொறுத்தவரை, ஆண் சீறும், பெட்டை மெல்லிய கீச்சொலி எழுப்பும். உரத்த 'குவாக்' இரண்டிடமும் கிடையாது. நடக்கும்போதும் ஒன்றையொன்று சந்திக்கும்போதும் தலையை முன்னும் பின்னும் ஆட்டும். ஆண், பெட்டையைப்போல ஏறக்குறைய இரண்டு பங்கு எடை. முட்டை பொரிக்க 35 நாள். மல்லார்டு வழி வாத்துகளுக்கு 28 நாள்.

மல்லார்டு வழி ஆணுக்கு வாலின் மேல் இரண்டு மூன்று இறகுகள் மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். வெள்ளை, கருப்பு, காக்கி என நிறம் எதுவானாலும் இந்தச் சுருள் இருக்கும். சுருள் வால் தெரிந்தால் அந்த உடம்பில் மல்லார்டு ரத்தம் ஓடுகிறது என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். பெட்டைக்குச் சுருள் கிடையாது, ஆனால் உரத்த 'குவாக்' உண்டு. ஆணின் குரல் கம்மிய, கரகரத்த சன்னக் குரல். இறகு உதிர்க்கும் பருவத்தில் சுருளும் உதிர்ந்துவிடும் என்பதால், சுருள் இல்லை என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

தமிழ்நாட்டில் மணிலாவோடு குழப்பப்படும் காட்டுப் பறவை ஒன்று உண்டு, ஆங்கிலத்தில் நாப்-பில்டு டக் (Knob-billed Duck). அதன் ஆணுக்கு அலகின் மேல் பெரிய கருஞ்சாம்பல் குமிழ் இருக்கும், இனப்பெருக்கப் பருவத்தில் இன்னும் பெருக்கும். வெள்ளைத் தலையில் கரும்புள்ளிகள், மேலே மினுக்கும் கருப்பு, கீழே வெள்ளை. அலகின் மேல் ஒற்றைக் குமிழும் கண்ணைச் சுற்றித் தூவியும் இருந்தால் அது இந்தக் காட்டு வாத்து. கண்ணைச் சுற்றிச் சிவந்த வெற்றுத் தோல் இருந்தால் மணிலா. இளம் மணிலாவுக்கு மரு இன்னும் திரளாமல் இருக்கும். அப்போது நகமும் வாலும்தான் துணை.

இனி உங்கள் இரண்டாவது வாத்து, அந்தப் பெரிய வெள்ளை. இதுதான் மூன்றில் இனக்கலப்பாக இருக்க அதிக வாய்ப்புள்ளது. மணிலா ஆணும் சாதாரணப் பெட்டை வாத்தும் சேர்ந்தால் பிறப்பதை ஆங்கிலத்திலேயே 'கோவேறு வாத்து' என்ற பொருளில்தான் அழைக்கிறார்கள். பிரான்சில் கொழுத்த கல்லீரலுக்காகவும் தைவானில் கறிக்காகவும் இதைப் பெருமளவில் வேண்டுமென்றே உருவாக்குகிறார்கள். இணையின் அளவு பொருந்தாமல் கரு தரிப்பது குறைவதால் செயற்கைக் கருவூட்டல்தான் அங்கே வழக்கம். வீட்டுக் கொல்லையில் இரண்டையும் ஒன்றாக விட்டால் எப்போதாவது தானாகவும் நடக்கும். தாய் தந்தை இடம் மாறினாலும் (சாதாரண ஆண், மணிலா பெட்டை) குஞ்சு வரும், ஆனால் வித்தியாசம் உண்டு. முதல் வகையில் ஆணும் பெட்டையும் ஏறக்குறைய ஒரே அளவு. இரண்டாவது வகையில் ஆண் பெரிது, பெட்டை சிறிது. இரு வகையும் மலடு.

வெள்ளைக் கோவேறு வாத்துகளில் உச்சியில் கருப்புத் திட்டு அடிக்கடி வரும். அதனால்தான் உங்கள் விவரிப்பைப் படித்ததும் சந்தேகம் அந்தப் பக்கம் போனது. ஆனால் வெள்ளை மணிலாவுக்கும் உச்சியில் கருப்பு வரும், சில மல்லார்டு வழி இனங்களுக்கும் வரும். பிரித்தறிய அலகின் அடியைப் பாருங்கள். சிவப்பு கண்வரை பரந்து மருவாகத் திரண்டிருந்தால் மணிலா. அலகும் தூவியும் சேரும் இடத்தில் மட்டும் மெல்லிய கோடாக நின்றுவிட்டால் கோவேறு வாத்து. சிவப்பே இல்லாமல் கன்னம் முழுக்கத் தூவி என்றால் மல்லார்டு வழி. அதோடு, நீண்ட உடல், மணிலா அளவு அகலமில்லாத ஆனால் சாதாரண வாத்தைவிட நீளமான வால், கூரிய நகம், சீறலும் குவாக்கும் இல்லாத இடைப்பட்ட கரகரப்பு என்று எல்லாமே நடுவாந்திரமாக இருக்கிறதா என்று பாருங்கள். இனக்கலப்பின் அடையாளமே அதுதான்: ஒரு பண்பு அல்ல, பல பண்புகள் ஒரே நேரத்தில் பாதி வழியில் நிற்கும். ஒரே ஒரு பண்பு மட்டும் வினோதமாக இருந்து மற்றதெல்லாம் சாதாரணமாக இருந்தால் அது பெரும்பாலும் இனக்கலப்பு இல்லை.

முதல் வாத்தான அந்தக் கருப்பைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. கருப்பு உடம்பு, மார்பில் குழந்தைக்குக் கட்டும் எச்சில் துணிபோல வெள்ளை. உலகம் முழுக்கப் பூங்காக் குளங்களில் மக்கள் தலையைச் சொறிவது இந்த வாத்தைப் பார்த்துத்தான். மல்லார்டு வழி வளர்ப்பு வாத்து, கலப்பு. இதே தோற்றத்தில் பொமரேனியன், பிரான்சின் டுக்ளேர் போன்ற பெயருள்ள இனங்கள் ஐரோப்பாவில் இருக்கின்றன. சுவீடிஷ் நீலமும் இதே குடும்பம்தான், உடம்பு மட்டும் சாம்பல் நீலம். ஆனால் இந்த நிறம் வருவதற்கு அந்த இனங்கள் எதுவும் தேவையில்லை. ஏன் என்று புரிய நிற மரபைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். வளர்ப்பவர்களுக்கும் இது நேரடியாக உதவும்.

கருப்பு ஓங்கு பண்பு. பெற்றோரில் ஒன்று கருப்பாக இருந்தால் போதும், குஞ்சுகளில் கருப்பு வரும். வெள்ளை ஒடுங்கு பண்பு. பெக்கினையும் நிறமுள்ள வாத்தையும் சேர்த்தால் முழு வெள்ளைக் குஞ்சு பொதுவாக வராது. நிறமுள்ள குஞ்சுதான் வரும், ஆனால் மார்பிலும் சிறகு நுனியிலும் வெள்ளைத் திட்டு விழுந்திருக்கும். அந்தத் திட்டுக் குஞ்சுகள் வளர்ந்து தங்களுக்குள் சேர்ந்தால் நான்கில் ஒன்று வெள்ளையாகப் பிறக்கும். 'இரண்டு கருப்புக்கும் எப்படி வெள்ளைக் குஞ்சு?' என்று பலர் திகைப்பது இங்கேதான். நீலம் வேறு கணக்கு. நீலத்துக்கான மரபணு ஒரு பிரதி இருந்தால் கருப்பு நீலமாக வெளிறும், இரண்டு பிரதி இருந்தால் இன்னும் வெளிறிச் சாம்பல் தெளித்த வெள்ளையாகும். அதனால் நீலத்தையும் நீலத்தையும் சேர்த்தால் சராசரியாகக் கால் பங்கு கருப்பு, அரைப் பங்கு நீலம், கால் பங்கு வெளிறியது. நீலத்தைத் தூய்மையாகப் 'பிடித்து வைக்க' முடியாது.

காக்கி நிறம் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைச் சார்ந்தது. காக்கி கேம்ப்பெல் ஆணைச் சாதாரண நாட்டுப் பெட்டையோடு சேர்த்தால் பிறக்கும் பெட்டைகள் காக்கியாகவும் ஆண்கள் இயல்பான கருநிறத்திலும் வரும். எனவே சந்தையில் காக்கி நிறப் பெட்டையைக் காட்டி 'ஒரிஜினல் கேம்ப்பெல்' என்றால் நிறத்தை நம்பி வாங்காதீர்கள். அதன் தகப்பன் மட்டும் கேம்ப்பெல்லாக இருக்கலாம். உடன்பிறந்த ஆண்களைக் காட்டச் சொல்லுங்கள். அவையும் காக்கி உடம்போடு வெண்கலப் பச்சைத் தலையுடன் இருந்தால் நல்ல அறிகுறி. ஆண்கள் கருத்திருந்தால் அது கலப்புக் கூட்டம். (நல்ல கேம்ப்பெல் ஆண்டுக்கு 280 முதல் 300 முட்டை தரும் என்பதால்தான் இந்த ஏமாற்று இவ்வளவு நடக்கிறது. இங்கிலாந்தின் அடீல் கேம்ப்பெல் அம்மையார் ரன்னர், ரூவான் என்ற கறி வாத்து, மல்லார்டு ஆகியவற்றைக் கலந்து உருவாக்கிய வாத்து இது. ஆக இந்தத் 'தூய' இனமே ஒரு கலப்புதான்.)

வயதும் நிறத்தை மாற்றும். கருப்பு இனப் பெட்டைகளுக்கு ஒவ்வொரு இறகு உதிர்ப்புக்குப் பிறகும் வெள்ளைத் தூவி கூடிக்கொண்டே போகும். மூன்று நான்கு வருடம் கழித்துப் பார்ப்பவருக்கு அது வேறு வாத்தாகத் தெரியும்.

பிறகு வளர்ப்பு இனத்தை எதை வைத்துச் சொல்வது? உருவத்தை வைத்துத்தான். காட்டு மல்லார்டு சுமார் ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோ. நீரில் தக்கைபோல மிதக்கும், வால் நீருக்கு மேலே தூக்கியிருக்கும். பெக்கின், ரூவான் போன்ற கறி வாத்துகள் மூன்று நாலு கிலோ. பின்பாகம் கனத்து, வயிறு தரையை உரச வரும். பெக்கினுக்கு வெள்ளை உடம்பு, ஆரஞ்சு அலகு. அதையொத்த அயில்ஸ்பரிக்கு அலகு வெளிர் ரோஜா. கறிக்கென்று இங்கே விற்கும் விகோவாவும் பார்க்க இதே வெள்ளைதான். ரூவான் நிறத்தில் அச்சு அசல் மல்லார்டு, உடம்பில் மூன்று மடங்கு. ரன்னருக்குத் தோளும் இல்லை, இடுப்பும் இல்லை. ஒல்லியான பாட்டில்போல நிமிர்ந்து, மற்ற வாத்துகள் தத்தித் தத்தி நடக்கும்போது இது ஓடும். கால் டக் (Call Duck) எனப்படும் குட்டி வாத்து அரை கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை; உருண்டைத் தலை, குட்டை அலகு, காதைக் கிழிக்கும் குரல். கொண்டை வாத்தைப் பார்த்ததும் தனி இனம் என்று சிலர் எழுதுவார்கள். அது எந்த வாத்திலும் வரக்கூடிய ஒரு மரபணு. கொண்டைக்கும் கொண்டைக்கும் இணை சேர்த்தால் முட்டைகளில் கால் பங்கு பொரிக்காமலே செத்துவிடும், பிழைப்பவற்றிலும் மண்டையோட்டுக் குறை உண்டு. அழகுக்காக அதை வளர்ப்பதை நான் ஊக்குவிப்பதில்லை.

இந்த உருவங்களில் எதிலும் அடங்காமல் நடுத்தர உடம்பு, நடுத்தர நிமிர்வு, நாலு நிறம் என்றிருந்தால், இனப்பெயர் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 'மல்லார்டு வழி வளர்ப்பு வாத்து' என்பதுதான் அதன் முழுமையான, சரியான பெயர். பறவை பார்ப்பவர்கள் கண்டதைப் பதியும் இபேர்ட் செயலியிலும் அப்படியே 'மல்லார்டு, வளர்ப்பு வகை' என்று பதியத் தனி வரி இருக்கிறது. வெறும் மல்லார்டு என்று பதிந்துவிடாதீர்கள். காட்டு மல்லார்டு வட இந்தியாவுக்கு வலசை வருவது வழக்கம். தெற்கே வருவது அரிது. பச்சைத் தலை வாத்தைத் தமிழ்நாட்டு ஏரியில் கண்டால் அது ஏறக்குறைய எப்போதும் யாரோ ஒருவருடைய வாத்து. காவிரிப் படுகையில் அறுவடை முடிந்ததும் சிந்திய நெல்லையும் நத்தையையும் மேயவிடப் பெரும் வாத்துக் கூட்டங்களை ஊர் ஊராக ஓட்டிப் போகிறார்கள். வழி தவறிய ஒன்றிரண்டு ஏரியில் தங்கிவிடும், அங்கிருக்கும் காட்டு வாத்துகளோடு ஒட்டிக்கொள்ளும். மேய்ச்சல் வாத்துகள் மெலிந்தவை என்பதால் கொஞ்ச தூரம் பறக்கவும் செய்யும். பறக்கிறது, அதனால் காட்டு வாத்து என்ற வாதம் செல்லாது.

மூன்றாவது வாத்துதான் உண்மையில் சுவாரசியமானது, அவசரப்படக் கூடாததும் அதுவே. வாத்துக் குடும்பத்தில் இனம் தாண்டிய இணைவு மற்ற பறவைக் குடும்பங்களைவிட அதிகம். அமெரிக்காவில் பறவை ஓவியர் ஆடுபான் 1822இல் லூசியானாவில் கிடைத்த ஒரு வாத்தை வரைந்து, பின்னால் அதற்குப் பிரூவரின் வாத்து என்று தனிப் பெயரே வைத்தார். அது மல்லார்டும் கட்வால் என்ற இன்னொரு காட்டு வாத்தும் கலந்த ஆண் என்று பிற்பாடு தெரிந்தது. மல்லார்டின் நெருங்கிய உறவுகளோடு நடக்கும் கலப்பில் கோவேறு வாத்துபோல மலட்டுத்தனம் கிடையாது. குஞ்சு பெருகும், அங்கேதான் ஆபத்து. நியூசிலாந்தில் கொண்டுவந்து விட்ட மல்லார்டுகள் அங்கத்திய சாம்பல் வாத்தோடு கலந்து, தூய சாம்பல் வாத்தைக் காண்பதே கடினமாகிவிட்டது. ஃபுளோரிடாவின் உள்ளூர் வாத்துக்கும் இதே தொல்லை. நம் புள்ளிமூக்கு வாத்தின் கிழக்காசிய உறவு ரஷ்யாவின் தூரகிழக்கில் மல்லார்டோடு கலக்கிறது. ஆகவே இங்கே வளர்ப்பு வாத்தோடு கலப்பது நடக்கக்கூடிய காரியமே.

தூய புள்ளிமூக்கு வாத்துக்குக் கருப்பு அலகு, நுனியில் தெளிவான மஞ்சள், அலகின் அடியில் இரு பக்கமும் சிவப்பு ஆரஞ்சுப் புள்ளி. வெளிறிய முகத்தில் கண் வழியே கருங்கோடு. சிறகின் மினுக்குப் பட்டை பச்சை. முதுகை ஒட்டி மடங்கும் உள்ளிறகுகளில் அகன்ற வெள்ளை. நீரில் மிதக்கும்போது தூரத்திலிருந்தே தெரியும். ஆணும் பெட்டையும் ஒன்றுபோல இருக்கும், வாலில் சுருள் கிடையாது. இந்த வரிசையில் உங்கள் வாத்து எங்கெல்லாம் பிசகுகிறது என்று பாருங்கள். மஞ்சள் நுனிக்கு எல்லை இல்லாமல் அலகு முழுக்கப் பச்சை மஞ்சளாகக் கரைந்திருந்தால், மினுக்குப் பட்டை பச்சையிலிருந்து நீல ஊதாவுக்குச் சாய்ந்தால், வால் மேல் சுருண்ட இறகு தெரிந்தால், இவற்றில் குறைந்தது இரண்டு சேர்ந்து வந்தால் இனக்கலப்பு என்று எழுதலாம். கழுத்து வெள்ளை மட்டும் போதாது. தூவியில் நிறமி விடுபடுவது காட்டுப் பறவையிலும் நடக்கும். அப்படியானால் வெள்ளை இருபக்கமும் ஒரே சீராக இல்லாமல் இடம் மாறி விழுந்திருக்கும். சிவப்புப் புள்ளி மங்கலாக இருப்பதையும் சாட்சியாக எடுக்காதீர்கள். இளம் பறவைக்கு அது தெளிவாக இருக்காது.

ஏமாற்றும் வேறு சில தோற்றங்களும் உண்டு. பச்சைத் தலையின் நிறம் நிறமியால் வருவதல்ல, ஒளி இறகில் பட்டுச் சிதறுவதால் வருவது. வெயில் கோணம் மாறினால் அதே தலை நீலம், ஊதா, கருப்பு. ஒரே படத்தை வைத்து 'ஊதாத் தலை வாத்து' என்று முடிவெடுத்தவர்கள் நிறைய. மல்லார்டு வழி ஆண், இனப்பெருக்கம் முடிந்ததும் பச்சையை உதிர்த்துப் பெட்டைபோலப் பழுப்பாகி, சில மாதம் அப்படியே திரியும். அப்போது மூன்று நாலு வாரம் சிறகிறகு முழுக்க உதிர்ந்து பறக்கவும் முடியாது. அலகின் நிறம் மட்டும் பெரிதாக மாறாது. மங்கிய மஞ்சள் பச்சை அலகோடு ஒரு 'பெட்டை' தெரிந்தால் அது வேடம் மாற்றிய ஆண். நேர்மாறும் நடக்கும். சூலகம் செயலிழந்த வயதான பெட்டைக்குப் பச்சைத் தலையும் சுருள் வாலும் வந்துவிடும், ஆனால் குரல் உரத்த குவாக்காகவே இருக்கும். சிறகு நுனி வெளிப்பக்கம் முறுக்கிக்கொண்டு நிற்பது எந்த இனத்தின் அடையாளமும் இல்லை. குஞ்சுப் பருவத்தில் அளவுக்கு மீறிய சத்துத் தீனியில் வேகமாக வளர்ந்த வாத்துகளில் அடிக்கடி காணும் ஊனம் அது. செம்மண் நீரில் கிடக்கும் வெள்ளை வாத்தின் தலையும் வயிறும் துருநிறமாகும். அதையும் தனி நிறமாகக் கணக்கெடுக்க வேண்டாம்.

அடுத்த முறை போகும்போது காலை வெயில் உங்கள் முதுகுப் பக்கம் விழும் கரையைத் தேர்ந்தெடுங்கள். வெள்ளை வாத்து கரையேறும் நேரத்தில் முகத்தின் பக்கவாட்டுப் படம் ஒன்றும் கால் நகம் தெரியும் படம் ஒன்றும் வேண்டும். மூன்றாவது வாத்துக்குச் சிறகு விரித்த படம்தான் முக்கியம். வாத்து குளித்து முடித்ததும் நீரில் எழும்பிச் சிறகை இரண்டு மூன்று தரம் அடித்துக்கொள்ளும். கைபேசியில் வீடியோ ஓடவிட்டு அந்தக் கணத்துக்குக் காத்திருந்தால் மினுக்குப் பட்டை, உள்ளிறகு வெள்ளை, வால் மூன்றும் ஒரே சட்டகத்தில் கிடைக்கும், குரலும் பதிவாகும். அளவை மதிப்பிட, பக்கத்தில் ஒரு சாதாரண புள்ளிமூக்கு வாத்தும் அதே தூரத்தில் படத்தில் வரட்டும். மாதத்தையும் குறித்துவையுங்கள். கருப்பு வாத்துக்குப் புதிய படம் தேவையில்லை. ஊருக்குள் யாருடைய கொட்டகையில் ஒரு வாத்து குறைகிறது என்று மட்டும் விசாரியுங்கள்.